அறுபது படி ஊரிலிருந்து ஆறாயிரம் அடிக்கு!

தஞ்சாவூர் சீமையில் ‘மலை’ என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சுவாமிமலை. கும்பகோணத்துக்குப் பக்கத்திலிருக்கும் அதுவும் இயற்கையான மலை இல்லை. மனிதர்கள் எழுப்பிய கட்டுமலை. தமிழ் வருடங்கள் அறுபதுக்கும் ஒவ்வொன்றாக 60 படிகள். மூச்சு வாங்கத் தொடங்குவதற்குள் முருகன் சந்நிதி வந்துவிடும். டெல்டாக்காரர்களுக்கு மலையேற்றம் என்றால் பெரும்பாலும் அவ்வளவுதான்.

இந்தச் சமவெளி, நிலம் அளக்க வந்த வெள்ளைக்காரர்களையே திணறடித்தது. 1808-ல் வில்லியம் லாம்டன் தன் நில அளவைப் படையோடு தஞ்சாவூருக்கு வந்தார். தூரத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கோணம் எடுக்க உயரமான இடம் வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வயலும் தென்னையும்தான். ஒரு குன்றுகூடக் கிடையாது. கடைசியில் அவருக்குக் கிடைத்த ‘மலை’ பெரிய கோயில் விமானம். அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. அதைச் சரிசெய்யவே அவருக்கு வாரக்கணக்கில் ஆனது.

அப்படிப்பட்ட ஊர்களிலிருந்தும் இப்போது ஆண்டுதோறும் மலையேறக் கிளம்புகிறார்கள். பலர் குழுவாக. சிலர் தன்னந்தனியாக. அவர்களில் நிறைய பேர் போகும் இடம், ‘தென்கயிலாயம்’ என்று பக்தர்கள் அழைக்கும் கோவை வெள்ளியங்கிரி.

ஏழு மலை. ஒரு வழிக்குச் சுமார் 6 கிலோமீட்டர். உச்சி சுமார் 6,000 அடி. ‘ஆறு கிலோமீட்டர்தானே, ஒரத்தநாட்டுச் சந்தைக்கு நடக்கிற தூரம்’ என்று தோன்றும். ஆபத்து அந்த நினைப்பில்தான் இருக்கிறது. 2024-ம் வருட சீசனில் இந்த மலையில் அடுத்தடுத்து பலர் மூச்சுத் திணறியும் நெஞ்சுவலி வந்தும் உயிரிழந்தார்கள். இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அதிகாரிகள் திரும்பத் திரும்ப எச்சரிக்க வேண்டியிருந்தது.

மலை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால், தரையில் மட்டுமே நடந்து பழகிய கால்களோடு, கூட யாரும் இல்லாமல் வருபவருக்கு அந்த ஒரு நாள் எப்படி இருக்கும்? எங்கே கவனம் வேண்டும்?

அறுவடைக்கும் ஆற்றுத் தண்ணீருக்கும் நடுவில்

வெள்ளியங்கிரியில் ஏற வனத்துறை வழக்கமாக அனுமதிப்பது பிப்ரவரி முதல் மே வரை. டெல்டா விவசாயிக்கு இது சொல்லி வைத்தாற்போல அமைந்த காலம். சம்பா, தாளடி அறுவடை முடிந்து நெல் மூட்டை களத்தைவிட்டுப் போயிருக்கும். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு இடையில் வயலில் உளுந்தும் பயறும்தான். மாசி சிவராத்திரியும் சித்ரா பௌர்ணமியும் இந்த மாதங்களில்தான் வருகின்றன. கையில் கொஞ்சம் காசும் ஓய்வும் இருக்கும் நேரம்.

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர், திருச்சி வழியாகக் கோவை போகும் செம்மொழி எக்ஸ்பிரஸ் ராத்திரி ரயில். ஏறிப் படுத்தால் விடியும் முன் கோவை. அங்கிருந்து பஸ் பிடித்தால் அடிவாரமான பூண்டி. வசதிதான். ஆனால், அரைத் தூக்கத்தோடு இறங்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டு நேராக மலையில் கால் வைப்பது உடம்புக்கு நல்லதல்ல. ஒருநாள் முன்னதாகவே வந்து, சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, மறுநாள் காலையில் கிளம்புகிறவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

காவிரியை எதிர்த்து நான்கு மலைகள்

வரப்பில் நாள் முழுக்க நடப்பவருக்கும் நாற்று நடுபவருக்கும் உடம்பில் வலு இருக்கிறது. ஆனால், சமதரையில் நடப்பது வேறு, உடம்பின் மொத்த எடையையும் ஒவ்வொரு படியிலும் மேலே தூக்குவது வேறு. பூண்டியிலிருந்து உச்சிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான உயரம் ஏற வேண்டும். 216 அடி உயரமுள்ள பெரிய கோயில் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினைந்து முறைக்கும் மேல் அடுக்கினால்தான் அந்த உயரம் வரும். தொடைத் தசையும் இதயமும் அதற்குப் பழகியிருக்க வேண்டும்.

பழக்கத்துக்கு ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. காவிரியை எதிர்த்து மேற்கே போனாலே பயிற்சிக்கான மலைகள் வரிசையாக இருக்கின்றன.

முதலில் சுவாமிமலை. 60 படிதான் என்றாலும், ஐந்து முறை ஏறி இறங்கினால் 300 படி. வாரத்தில் மூன்று நாள் செய்யலாம். அடுத்தது, தஞ்சையிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் திருச்சி மலைக்கோட்டை. உச்சிப் பிள்ளையார் வரை நானூறுக்கும் மேற்பட்ட படிகள். அதற்கும் மேற்கே, குளித்தலைக்குப் பக்கத்தில் அய்யர்மலை. இங்கே 1,017 படிகள். இந்த மூன்றையும் ஒன்றரை, இரண்டு மாத இடைவெளியில் படிப்படியாக முடித்து, எங்கும் நெஞ்சு அடைக்காமல் ஏற முடிந்தால், அதற்குப் பிறகு நான்காவதாக வெள்ளியங்கிரியை யோசிக்கலாம்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், குடும்பத்தில் மாரடைப்பு வந்தவர்கள் இந்தப் பயிற்சியைத் தொடங்கும் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுவது அவசியம். மலையடிவாரத்தில் நின்றுகொண்டு ‘ஆண்டவன் பார்த்துக்கொள்வான்’ என்பதைவிட, ஊரில் ஒரு இ.சி.ஜி எடுத்துப் பார்ப்பது நல்லது.

காலை 6 மணி: முதல் மலையே பரீட்சை

அடிவாரத்தில் பைகளைச் சோதிக்கிறார்கள். பிளாஸ்டிக் குப்பை காட்டுக்குள் போகக் கூடாது என்பதில் வனத்துறை கண்டிப்பு காட்டுகிறது. எவர்சில்வர் பாட்டிலில் இரண்டு லிட்டர் தண்ணீர், புளியோதரைக் கட்டுச்சோறு, கடலை உருண்டை, ஓ.ஆர்.எஸ் பாக்கெட் இரண்டு, டார்ச், ஒரு சால்வை. தனியாகப் போகிறவருக்கு இதற்குமேல் வேண்டாம். தூக்கும் ஒவ்வொரு கிலோவும் நான்காவது மலையில் இரண்டு கிலோவாகத் தெரியும்.

அங்கே விற்கும் மூங்கில் தடியை ‘எனக்கெதுக்கு, வயசா ஆயிடுச்சு?’ என்று இளைஞர்கள் தவிர்ப்பதுண்டு. அது தவறு. ஏறும்போது தடி துணை. இறங்கும்போது அதுதான் மூன்றாவது கால்.

முதல் மலை முழுக்கச் செங்குத்தான கற்படிகள். ஏழில் இதுதான் பலரின் மூச்சைப் பிடிக்கிறது. உடம்பு இன்னும் சூடேறியிருக்காது. உற்சாகமோ உச்சத்தில் இருக்கும். பக்கத்தில் ஒரு கல்லூரிக் கூட்டம் தாவித் தாவிப் போகும். அவர்களோடு போட்டி போட்டால் வெள்ளை விநாயகர் கோயிலுக்கு முன்பே கால் தளர்ந்துவிடும்.

எந்த வேகம் சரி? அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஏறிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை மூச்சு அறுபடாமல் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். தனியாக வருபவர் யாரோடு பேசுவது? எதிரே இறங்கி வருபவர் ‘பார்த்துப் போங்க சாமி’ என்பார். ‘சரிங்க சாமி, மேலே கூட்டம் எப்படி இருக்கு?’ என்று திருப்பிக் கேட்கலாம். மூச்சு வாங்காமல் கேட்க முடிந்தால் சரியான வேகம். இந்த மலையில் எல்லோருக்கும் ஒரே பெயர் ‘சாமி’தான்.

இரவில் ஏறி விடியலில் உச்சியைத் தொடுவது இங்கே பலரின் வழக்கம். வெயில் தெரியாது என்பது அதில் ஒரு லாபம். ஆனால், யானை நடமாடும் காடு இது. பாதையும் எல்லா இடத்திலும் படியாக இல்லை. தனியாக வரும் புதியவருக்குப் பகல்தான் பாதுகாப்பு.

காலை 10 மணி: காடு மாறும் இடம்

அடுத்தடுத்து பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை என்று ஊற்றுகள் வருகின்றன. தண்ணீரை அங்கே நிரப்பிக்கொள்ளலாம். வழுக்குப் பாறையில் படி வெட்டியிருந்தாலும் பெயர் சும்மா வந்ததல்ல. பனியோ தூறலோ இருந்தால் ஒவ்வொரு அடியும் யோசித்துத்தான் வைக்க வேண்டும்.

மேலே போகப் போக மரங்கள் குறைந்து புல்வெளி விரிகிறது. காற்று வேகமெடுக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6 டிகிரிக்கு மேல் குறையும் என்பது கணக்கு. கீழே வியர்வையில் நனைந்த சட்டை மேலே பனிக்கட்டி மாதிரி முதுகில் ஒட்டும். டெல்டா வெயிலில் காய்ந்த உடம்புக்கு இது புதுசு. உட்கார்ந்து ஓய்வெடுக்கும்போதெல்லாம் சால்வையைப் போர்த்திக்கொள்வது நல்லது.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடக்கு தண்ணீர், மணிக்கொரு தடவை ஒரு கடலை உருண்டை. ஒரேயடியாகச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் வயிறும் இதயமும் ரத்தத்துக்குப் போட்டிபோடும்.

ஆறாவது மலையில் பாதை இறங்குகிறது. அங்கே இருக்கும் ஆண்டி சுனையில் குளித்துவிட்டு, ஏழாவதான சுவாமி முடி மலையை ஏற வேண்டும். கண்ணுக்கு எதிரே உச்சி தெரியும். அடி எடுத்து வைத்தால் நெருங்காது.

மதியம் 12 மணி: கடிகாரம் சொல்வதைக் கேட்க வேண்டும்

1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு கணக்கு சொன்னார். ஒவ்வொரு மூன்று மைல் தூரத்துக்கும் ஒரு மணி நேரம். அதோடு, ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி பார்த்தால், ஓய்வே எடுக்காத, பழகிய மலையேறிக்கே வெள்ளியங்கிரி உச்சிக்கு மூன்று மணி நேரம் ஆகும். கற்படி, கூட்டம், ஓய்வு எல்லாம் சேர்த்து நம்மூர்க்காரர்களுக்கு ஐந்து மணி நேரமாவது வைத்துக்கொள்ள வேண்டும். இறங்கவும் ஏறக்குறைய அதே நேரம். சூரியன் மறையும் முன் அடிவாரத்தில் இருக்க வேண்டும் என்றால், எங்கே நின்றாலும் மதியம் 12 மணிக்குத் திரும்பிவிட வேண்டும்.

இப்படித் திரும்பும் மணியை முன்கூட்டியே குறித்துக்கொள்வது உலகெங்கும் மலையேறிகளின் பழக்கம். அதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு எவரெஸ்ட் சாட்சி. 1996 மே 10 அன்று, பிற்பகல் 2 மணிக்குள் திரும்ப வேண்டிய பலர், உச்சி பக்கத்தில்தானே என்று தொடர்ந்து ஏறினார்கள். மாலையில் பனிப்புயல் சூழ்ந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் அனுபவம் மிக்க வழிகாட்டிகளும் இருந்தார்கள்.

தனியாகப் போகிறவருக்கு இது இன்னும் கடினம். குழுவில் போனால், ‘என்னப்பா, முகம் ஒரு மாதிரி இருக்கே, உட்காரு’ என்று சொல்ல ஒருவர் இருப்பார். தனியாளுக்குத் தானேதான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். தானேதான் முடிவெடுக்கவும் வேண்டும். களைத்த மூளை எப்போதும் ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்றே சொல்லும். அதனால்தான் முடிவை அடிவாரத்தில், தெளிவாக இருக்கும்போதே எடுத்து வைத்துவிட வேண்டும்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத குளிர்ந்த வியர்வை, கண் இருட்டுவது. இதில் ஒன்று வந்தாலும் மணி பார்க்க வேண்டியதில்லை. உடனே உட்கார்ந்து, பக்கத்தில் போகும் சாமியைக் கூப்பிட வேண்டும். வெட்கம் வேண்டாம். 108 ஆம்புலன்ஸ் அடிவாரம் வரைதான் வர முடியும். அதற்கு மேலே மனிதர்கள்தான் டோலியில் தூக்கி இறக்க வேண்டும். ஒரு மலை அதிகமாக ஏறினால், உதவி கிடைக்க அவ்வளவு நேரம் அதிகமாகும்.

திருவையாற்றின் பழைய பாதசாரி

தனியாக மலைக்கு நடந்தவரின் கதை டெல்டாவுக்குப் புதிதல்ல. ஆடி அமாவாசை அன்று திருவையாறு ஐயாறப்பர் கோயிலில் திரளும் கூட்டத்துக்கு அந்தக் கதை மனப்பாடம். அப்பர் என்கிற திருநாவுக்கரசர் கயிலாயம் தேடி நடந்த கதை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் அதை விரிவாகச் சொல்கிறது. காசி வரை கூட வந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு, முதிய வயதில் அப்பர் தனியாக வடக்கே நடக்கிறார். கால் தேய்ந்தபோது கைகளால் தவழ்கிறார். கையும் தேய்ந்தபோது மார்பால் ஊர்ந்து, பிறகு புரண்டு போகிறார். அப்போது ஒரு முனிவர் எதிர்ப்படுகிறார். ‘மனிதர்கள் போகக்கூடிய இடமல்ல, திரும்பிப் போ’ என்கிறார். காணாமல் திரும்ப மாட்டேன் என்கிறார் அப்பர். முனிவராக வந்தவர் சிவனே. அங்கிருக்கும் பொய்கையில் மூழ்கச் சொல்கிறார். மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். தேடிப்போன கயிலைக் காட்சி அவருக்குக் கிடைத்ததும் அங்கேதான், காவிரிக் கரையில்.

பக்தர்கள் இதில் வைராக்கியத்தைப் பார்க்கிறார்கள். அது சரிதான். கதையின் மறுபாதியையும் கொஞ்சம் பார்க்கலாம். உடம்பு இதற்குமேல் தாங்காது என்ற இடத்தில், அவர் தேடிப்போன கடவுளே அவரைத் திருப்பி அனுப்புகிறார். திரும்பி வந்ததால் அவருக்கு எதுவும் குறையவில்லை.

இன்றைக்கு இந்திய அரசு நடத்தும் கயிலாய மானசரோவர் யாத்திரையில் அந்த முனிவரின் வேலையை டாக்டர்கள் செய்கிறார்கள். 18 வயது முதல் 70 வயது வரை உள்ளவர்கள்தான் விண்ணப்பிக்கலாம். டெல்லியில் ஒருமுறை, வழியில் உயரமான இடத்தில் இன்னொருமுறை மருத்துவப் பரிசோதனை. தேறாதவர் எவ்வளவு பெரிய பக்தராக இருந்தாலும் அங்கிருந்தே திரும்ப வேண்டியதுதான். வெள்ளியங்கிரியில் வழியெங்கும் அப்படி நிறுத்துவதற்கு ஆள் இல்லை. அந்த டாக்டர் வேலையை ஏறுகிறவரே செய்துகொள்ள வேண்டும்.

பிற்பகல்: இறக்கம் எளிதல்ல

உச்சியில் பாறைகள் சாய்ந்து நிற்கும் இயற்கைத் தோரணவாயில், உள்ளே லிங்கம், சுற்றிலும் மேகம். கும்பிட்டுவிட்டு அரை மணி நேரம் உட்காரலாம். கீழே தெரியும் மடிப்புகளில் இறங்கும் ஓடைகள் சேர்ந்துதான் நொய்யல் ஆறு. கோவையையும் திருப்பூரையும் தாண்டி, அந்நகரங்களின் கழிவையும் சுமந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. அந்தக் காவிரிதான் கல்லணை வழியாகத் திருவையாற்றுக்கும் கும்பகோணத்துக்கும் வருகிறது. மலையில் யாரோ வீசும் ஒரு பிளாஸ்டிக் உறை தண்ணீரோடு எங்கே போகும் என்பதை டெல்டாக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

‘ஏறிட்டோம், இனி என்ன?’ என்ற நினைப்போடு வேகமாக இறங்குவதுதான் அடுத்த ஆபத்து. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடைக்கு பிரேக் போடுகிறது. தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுவது ஏற்றத்தைவிட இதில் அதிகம். முழங்கால் நடுங்கத் தொடங்கினால் தடம் தவறும். தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, முழங்காலை லேசாக மடித்து, பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து இறங்க வேண்டும். குதிக்கவே கூடாது. கடைசியில் வரும் முதல் மலைப் படிகளில்தான் கால் மிகவும் தளர்ந்திருக்கும். அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதில் தப்பே இல்லை.

அன்று ராத்திரி பெரிதாக வலிக்காது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் வலி உச்சத்துக்குப் போகும். மூன்று நான்கு நாளில் தானாகக் குறையும். சிறுநீர் கறுத்துப்போனாலோ, ஒரு காலில் மட்டும் வீக்கம் வந்தாலோ, நெஞ்சில் வலி இருந்தாலோ அது சாதாரணக் கால்வலி அல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தனியாகக் கிளம்பும் முன்...

* வீட்டில் ஒருவரிடம் எந்த மலை, எத்தனை மணிக்கு ஏறுகிறீர்கள், எத்தனை மணிக்குள் இறங்குவீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். குறித்த நேரத்துக்குள் போன் வரவில்லை என்றால் யாரை அழைப்பது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

* சட்டைப் பையில் பெயர், வீட்டு போன் நம்பர், ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள் எழுதிய சீட்டு இருக்கட்டும். மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. வீடியோ எடுத்து பேட்டரியைத் தீர்த்துவிடாதீர்கள்.

* பாதையைவிட்டு விலகவே கூடாது. குறுக்கு வழி என்று ஒன்று காட்டில் கிடையாது.

* வெள்ளியங்கிரி போன்ற பக்தர் பாதைகளில்தான், அதுவும் அனுமதிக்கப்பட்ட மாதங்களில்தான், இப்படித் தனியாகப் போக முடியும். மற்ற வனப்பகுதிகளில் மலையேற வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் இருபது பேருக்கும் மேல் இறந்ததைத் தொடர்ந்து, அதே ஆண்டில் விதிகள் கடுமையாக்கப்பட்டன.

* காட்டை அனுபவிக்க நினைப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் உள்ளன. ஆன்லைனில் பதிவுசெய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகலாம். முதல்முறை மலையேறுபவர் எளிதான பாதையில் தொடங்குவது நல்லது.

ஐந்தாவது மலையோடு திரும்பி வருபவரை ஊரில் நாலு பேர் கேலி பேசத்தான் செய்வார்கள். பேசட்டும். அவர் ராத்திரி செம்மொழியில் ஏறி, காலையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். ஜூன் மாதம் ஆற்றில் தண்ணீர் வரும்போது நாற்றங்கால் வேலை பார்ப்பார். மலை எங்கேயும் போய்விடாது. மாசி மாதமும் அடுத்த வருடம் மறுபடி வரும்.